மீன் விலைப் பக்கத்தின் அடியில் இருந்த எண்

2007 மார்ச் 23, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். தலைமன்னார்க் கரை. காற்று இல்லை, முகில் இல்லை, கடல் அலையில்லாமல் கிடந்தது. வெயில் அந்த நேரத்திலேயே மண்ணைச் சுட வைத்திருந்தது. என் கையில் இருந்த தொலைபேசியில் ஓர் இணையப் பக்கம் திறந்தது. பக்கத்தின் அடியில் இரண்டு எண்கள் இருந்தன. ஆம்: ஆறு. இல்லை: ஒன்று.

மூன்று இருந்திருக்க வேண்டும். நான் பக்கத்தை மறுபடியும் திறந்தேன். ஒன்றுதான்.

இதை விளங்கப்படுத்த எட்டு மாதம் பின்னால் போக வேண்டும். நான் மன்னார் மீன்பிடிக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனை வள்ளம் போனது, எத்தனை வந்தது, எந்த மீன் எத்தனை கிலோ, இவைதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் மீன் சந்தைக்குப் போய் நின்று மனதுக்குள் கூட்டிப் பார்ப்பேன். வேறு வேலை இல்லை. 2006ஆம் ஆண்டு ஜூலையில், கந்தோரில் என்னோடு வேலை செய்து கொழும்புக்குப் போன ஒருவர் மூலம் ஒரு சிறிய கம்பனியின் தொடர்பு கிடைத்தது. கைத்தொலைபேசியில் பார்க்கும் இணையப் பக்கங்களைச் செய்கிற கம்பனி. ராசி பலன், கிரிக்கெட் ஓட்டங்கள், தொலைபேசி அடிக்கும்போது கேட்கிற பாட்டுத் துண்டுகள், இவற்றோடு பல ஊர்களின் மரக்கறி விலையும் மீன் விலையும் போடப்போகிறோம் என்றார்கள். மன்னாருக்கு நான். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபா. தொலைபேசியும் சிம்மும் அவர்களே அனுப்பினார்கள்.

கம்பனியில் என்னோடு கதைப்பது ஒரு பிள்ளை. கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பக்கங்களைச் செய்கிறதும் அவள்தான், எங்களைப் போன்ற ஆட்களை மேய்க்கிறதும் அவள்தான். தொலைபேசியில் இணையம் வருவதற்கே ஒன்பது நாள் எடுத்தது. அவள் ஒரு செய்தி அனுப்புவாள், அதைத் திறந்து சேமிக்க வேண்டும், தொலைபேசியை அணைத்துப் போட வேண்டும். வராது. அடுத்த நாள் வேறு செய்தி. பத்தாம் நாள் திரையின் மேல்மூலையில் ஒரு சின்ன எழுத்து வந்து நின்றது.

"வந்திட்டுதா அங்கிள்? இனி உலகம் உங்க கையில."

"பெட்டி பெட்டியாத் தெரியுது பிள்ளை. எழுத்தைக் காணேல்லை."

"அது தமிழ் அங்கிள். அந்த போனுக்கு தமிழ் தெரியாது. நான் இங்கிலீஷ் எழுத்தில மாத்தி விடுறன்."

அப்படித்தான் பாரை, விளை, சூடை என்ற மீன் பெயர்கள் ஆங்கில எழுத்தில் போயின. ஞாயிறு தவிர தினமும் காலை ஆறு நாற்பதுக்குப் பதினொரு வகை மீனின் விலையை நான் ஏற்றுவேன். திரை தீப்பெட்டியளவு. பதினொரு வரியும் ஒரே நேரத்தில் தெரியாது, ஐந்து வரிதான் தெரியும், மிச்சத்துக்கு விரலால் இறக்க வேண்டும். பக்கத்தின் மேலே பாட்டுத் துண்டுக்கான விளம்பரம், ஒரு பெண் ஆடிக்கொண்டேயிருப்பாள். பக்கம் முழுவதும் பதினொரு கிலோபைட் என்றும் அதில் எட்டு அந்த ஆட்டக்காரிக்கே போகிறதென்றும் அந்தப் பிள்ளை சொன்னாள். இணையத்துக்குக் கிலோபைட் கணக்கில்தான் காசு. மீன் விலைக்கு மூன்று, ஆட்டத்துக்கு எட்டு. இது சரியான பங்கீடா என்று கேட்டேன். ஆட்டம்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறது என்றாள்.

சந்தையில் ஏலம் கூறுகிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளமை, குரல் மட்டும் பெரியது. நான் தொலைபேசியோடு வந்து நின்ற முதல் நாளே தொடங்கிவிட்டார்.

"கிளாக்கர் ஐயா, பென்சன் எடுத்தும் மீனை விடமாட்டியள் போல."

"விளை என்ன விலை போச்சுது, அதைச் சொல்லும்."

"இருநூற்றி எண்பது. எழுதி ஆருக்கு அனுப்புறியள்?"

"போனிலை போடுறன். எங்கையிருந்தும் பாக்கலாம்."

"எங்கையோ இருக்கிறவன் பாத்திட்டு வந்து வாங்கிறதுக்குள்ளை இது நாறிப்போம். பாதையைத் திறக்கச் சொல்லி அதிலை எழுதுங்கோ. அதுதான் விலை."

அவர் சொன்னது சரி. வள்ளங்கள் கடற்படை சொன்ன நேரத்துக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்கு வந்தன. லொறி ஒரு நாள் போகும், இரண்டு நாள் நிற்கும். கொழும்பு வியாபாரிக்கு விலை வேண்டுமென்றால் அவன் தொலைபேசி எடுத்துக் கேட்பான், பக்கம் திறந்து விரலால் இறக்கிக்கொண்டிருக்க மாட்டான். இணையம் என்றால் கம்பியூட்டரில் வருவது என்றுதான் சந்தையில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். என் தொலைபேசியை நீட்டிக் காட்டினாலும் அது என்ன விளையாட்டு என்று கேட்டார்கள்.

பக்கத்தில் ஓர் எண்ணிக்கை இருந்தது. இன்று பார்த்தோர் இத்தனை பேர் என்று காட்டும். முதல் மாதம் அது ஒரு நாளைக்கு ஒன்பதைத் தாண்டவில்லை. அந்த ஒன்பதில் நான்கு தரம் நானே. ஏற்றிய பிறகு சரியா என்று பார்ப்பேன், பத்து மணிக்குப் பார்ப்பேன், சாப்பிட்டபின் பார்ப்பேன், விளக்கு வைத்த பின் பார்ப்பேன். இது எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்னையும் சேர்த்து எண்ணுது. அது பிழை."

"கூடக் காட்டினா நல்லம்தானே அங்கிள். விளம்பரக்காரங்க பார்ப்பாங்க."

"பொய்க் கணக்கு எனக்கு வேண்டாம் பிள்ளை. முப்பத்தொரு வருசம் ஒரு வள்ளத்தை ரெண்டு தரம் எழுதினதில்லை."

மூன்று தரம் எடுத்துச் சொன்னேன். மூன்றாம் தரம் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி அங்கிள். இனி ஒரு போனை ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் எண்ணும். சந்தோசமா?" அடுத்த நாள் எண்ணிக்கை ஆறுக்கு இறங்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

2007 தொடக்கத்தில் கம்பனிக்காரர் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரு கேள்வி. இது உதவியாக இருந்ததா, ஆம் அல்லது இல்லை. ஒன்றை அமத்தினால் நன்றி என்று காட்டும், எண்ணிக்கை ஒன்று கூடும். வெளிநாடுகளில் இப்போது இப்படித்தானாம், பார்க்கிறவர்களும் வாய் திறக்க வேண்டுமாம். என் பக்கத்தில் ஆம் என்று ஆறு பேர் அமத்தியிருந்தார்கள். இல்லை என்று ஒருவரும் அமத்தவில்லை. அமத்துகிற அளவுக்கு ஒருவருக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை.

இனி என் மகனைப் பற்றி. அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துகிறவன். மனைவியும் நான்கு வயதுப் பிள்ளையும் உண்டு. எங்களோடுதான் இருந்தார்கள். பெப்ரவரியில் இரண்டு தரம் ஆட்கள் வீட்டுக்கு வந்து அவனுடைய பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு தரமும் அவன் வேலைத்தலத்தில் இருந்தான். ஊரில் அப்படிப் பெயர் கேட்கப்பட்ட வேறு இரண்டு பேரில் ஒருவன் வீடு திரும்பவில்லை, மற்றவனைச் சேமக்காலையில் புதைத்தாயிற்று. மூன்றாம் தரம் வரும்வரை நிற்பதா என்பதுதான் கேள்வி. மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படகில் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போவதென்று அவன் முடிவெடுத்தான். மருமகளின் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே அகதி முகாமில் இருந்தான். அவனிடம் ஒரு கைத்தொலைபேசி இருந்தது.

போய்ச் சேர்ந்த செய்தி எப்படி வரும் என்பதில் நான் மூன்று நாள் மண்டையை உடைத்தேன். வீட்டிலுள்ளவர்களின் பட்டியல் இராணுவத்திடம் இருந்தது, படத்தோடு. மகனும் குடும்பமும் கொழும்பில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லத் தீர்மானித்திருந்தோம். அந்த நேரத்தில் இந்தியாவிலிருந்து ஓர் அழைப்பு என் தொலைபேசிக்கு வந்தால் அது அதிலேயே பதிந்திருக்கும். சோதனைச் சாவடியில் தொலைபேசியை வாங்கி, வந்த அழைப்புகளையும் செய்திகளையும் பார்ப்பது வழக்கம். வழியைச் சொன்னவன் மகன்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நான்கு பேரும் மேசையில் இருந்தோம்.

"அப்பா, உங்கடை மீன் பக்கத்தின்ரை அடியிலை ஒரு கேள்வி கிடக்கு. பாத்தனீங்களோ?"

"நான்தான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"இல்லை எண்டதுக்கு எத்தினை?"

"சைபர்."

"அது சைபராவே கிடக்கட்டும். நீங்களும் அமத்தாதேங்கோ. போய்ச் சேர்ந்த உடனை ஆளுக்கு ஒண்டு அமத்திறன்."

"அப்ப மூண்டு."

"ஓம், மூண்டு. போனைப் பாத்துச் சிரிச்சுப் போடாதேங்கோ. சென்ரியிலை நிக்கிறவன் என்னெண்டு கேப்பான்."

"நான் எப்ப சிரிச்சனான்."

இதற்கு மருமகள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். மடுவுக்கான பாதை பூட்டியிருந்தது. எப்போது தீர்ப்பாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 17, சனிக்கிழமை அவர்கள் போனார்கள். கொண்டுபோனது ஒரு பை. பிள்ளையின் செருப்பு வாசலில் விடுபட்டுக் கிடந்ததை அடுத்த நாள் காலை பூசைக்குப் போகும்போதுதான் கண்டேன். அலுமாரிக்குள் எடுத்து வைத்தேன்.

அதே ஞாயிறு காலை பத்து மணிக்குக் கைத்தொலைபேசிச் சேவை நின்றது. மன்னார் முழுவதும். இது புதிதல்ல, ஏதாவது நடக்கும்போது நிறுத்துவார்கள், சில வேளை சில மணி நேரம், சில வேளை நாட்கணக்கு. ஏன் என்று சொல்வதில்லை, எப்போது வரும் என்று கேட்க ஒருவரும் இல்லை. திரையின் மூலையில் இருந்த எழுத்தும் கோடுகளும் போய்விட்டன. எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கம்பி அறுந்து ஐந்து மாதம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் சந்தைக்குப் போய் விலைகளை எழுதினேன், ஏற்ற வழியில்லை. தொலைபேசியை ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். புதனன்று பதினாறு தரம்.

வியாழன் காலை ஏலம் கூறுகிறவர் என்னைப் பார்த்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, உலகம் செத்துப்போச்சோ?"

"ரவர் இல்லை."

"தலைமன்னாருக்குப் போங்கோ. இஞ்சத்தை ரவர் செத்தால் அங்கை போன் தன்ரை பாட்டிலை இந்தியாக்காரன்ரை ரவரைப் பிடிக்குமாம். எங்கடை போனிலை கோடு மட்டும் காட்டும், வேலை செய்யாது. உங்கடை கொழும்புப் போன் சில வேளை செய்யும்."

கம்பனி தந்த சிம் முன்பு முதலாளி சென்னைக்குக் கொண்டு போய் வந்தது. பிறநாட்டுத் தொலைபேசிக் கோபுரத்திலும் வேலை செய்யும்படி திறந்து விட்டிருந்ததை ஒருவரும் பூட்டவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் காலை ஆறரை பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிலையத்தில் இரண்டு கழுதைகள் பஸ்ஸுக்கு முன்னால் படுத்திருந்தன, அவை எழும்ப ஏழு நிமிடம். வழியில் ஐந்து சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து ஏறினோம். கம்பனிக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. மீன் விலை சேகரிப்பவர் என்று மூன்று மொழியிலும் எழுதி முத்திரை குத்தியது.

கரைக்கு வந்து தொலைபேசியை உயர்த்திப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது, பிறகு இரண்டு. ஒரு செய்தி ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம், உங்கள் பயணம் இனிதாக அமையட்டும். என் மகன் படகில் போன நாட்டுக்கு, அந்தச் செய்தியின்படி, நான் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தேன். செய்தியை அழித்தேன். பக்கத்தைத் திறந்தேன். ஆட்டக்காரி முதலில் பாதியாகவும் பிறகு முழுதாகவும் வந்து ஆடத் தொடங்கினாள். அதன் கீழே போன சனிக்கிழமை விலைகள். அதன் கீழே அந்த எண்.

அன்றைக்கு நாற்பத்தொரு தரம் திறந்தேன். ஒரு கடற்படைச் சிப்பாய் வந்து பக்கத்தில் நின்றான். இருபது, இருபத்தொரு வயது இருக்கும்.

"தாத்தா, என்ன பாக்கிறது?"

"மாளு விலை, மாத்தயா." மாளு என்றால் அவர்களுடைய மொழியில் மீன், மாத்தயா என்றால் ஐயா. கடிதத்தைக் கொடுத்தேன். அவன் சிங்களத்தில் இருந்த பகுதியை விரலை வைத்து வாசித்தான்.

"போன் வேலை செய்றதா? எனக்கு சிக்னல் இல்லை. அம்மாகிட்ட கதைக்கிறது அஞ்சு நாள் இல்லை."

"கதைக்க ஏலாது. இதிலை விலை மட்டும்தான்."

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். ஆட்டக்காரியைப் பார்த்துச் சிரித்தான். "மாளு நல்லம்," என்றான். கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான்.

இந்த இடத்தில் நான் செய்த கணக்கையும் சொல்ல வேண்டும். படகோட்டிகள் அக்கரை வரை போவதில்லை. இடையில் உள்ள மணல் தீடை ஒன்றில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்து மீனவர்களோ காவல் படகோ வந்து ஏற்றும்வரை அங்கே நிற்க வேண்டும். சில தீடைகள் நீர் ஏறும்போது சிறுக்கும், சில மூடும். கந்தோரில் நீரேற்ற அட்டவணை என் மேசையில்தான் இருந்தது, மார்ச் மாதத்துக்கு எனக்கு அது பாடம். மகன் ஐந்தடி ஏழங்குலம். மருமகள் ஐந்தடி ஒன்று. பிள்ளையை ஜனவரியில் கதவு நிலையில் நிறுத்திக் கோடு போட்டேன், மூன்றடி இரண்டங்குலம். மூன்று பேருக்கு மூன்று அமத்தல் என்று சொன்னவன் ஒன்றுதான் அமத்தியிருக்கிறான். மருமகளுக்கு இணையப் பக்கம் திறக்கத் தெரியாது. எனவே அமத்தியவன் மகன். எனவே மற்ற இரண்டும் இல்லை. பிழை தேடி மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போனேன். பிழை அகப்படவில்லை.

அழுகை வரவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தேன், சீனி கூட.

வீட்டில் மனைவி படலை வாசலில் நின்றாள். தவக்காலத்து வெள்ளி, சிலுவைப்பாதைக்குப் போக வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

"எத்தினை?"

"மூண்டு."

அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். உள்ளே போய்ச் சோற்றைப் போட்டாள். நான் சாப்பிட்டேன். வழமையாகச் சாப்பிடுகிற அளவு சாப்பிட்டேன். பிறகு இருவரும் கோயிலுக்குப் போனோம். பதினான்கு தலத்திலும் முழந்தாளிட்டு எழும்பினேன். என் முழங்கால் நோகவில்லை என்பது அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது, மற்ற ஒன்றும் அப்படி இருக்கவில்லை.

சனிக்கிழமை மறுபடி தலைமன்னாருக்குப் போனேன். விலை ஏற்றப் போகிறேன் என்று சொன்னேன். விலையும் ஏற்றினேன்தான். அன்று அறுபத்தேழு தரம் பக்கத்தைத் திறந்தேன். இல்லை: ஒன்று. ஒரு கட்டத்தில், நானே இரண்டு தரம் அமத்தினால் மூன்று ஆகும் என்று தோன்றியது. விரலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பொய்க் கணக்கு. அன்றைக்கு இரண்டு தரம் அமத்தியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஒன்றுதான் கூடியிருக்கும், இரண்டு கூடியிருக்காது, அதிலேயே எனக்குப் பிடிபட்டிருக்கும். நான் அமத்தவில்லை.

திங்கள் முப்பத்தெட்டு. செவ்வாய் ஐம்பத்திரண்டு. எண் மாறும் என்ற எதிர்பார்ப்பு செவ்வாயன்று எனக்கு இருக்கவில்லை. பஸ் இருந்தது, ஏறினேன். இந்தியக் கோபுரத்தில் திறப்பதற்குக் கட்டணம் வேறு என்று தெரியும். எவ்வளவு என்று விசாரிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. தீப்பெட்டிக்கு மிச்சம் சரியா என்று எண்ணிப் பார்க்கிறவன் நான்.

"ஒவ்வொரு நாளும் போக வேணுமோ?" என்று மனைவி கேட்டாள். "விலை அனுப்ப வேறை ஆள் இல்லையோ?"

"இல்லை."

"அவை போய்ச் சேர்ந்திட்டினம்தானே. பிறகென்னத்துக்கு உங்கடை மூஞ்சை இப்பிடிக் கிடக்கு?"

"வெயில்."

வியாழன் பத்தொன்பது தரம் திறந்தேன். அதோடு மின்கலம் முடிந்துவிட்டது. பிள்ளையின் செருப்பை என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சின்னச் செருப்பு, யாருக்காவது கொடுக்கலாம். யாருக்கென்று வரிசையாக மூன்று வீட்டை நினைத்தேன். நடுவீட்டுப் பிள்ளைக்குத்தான் அளவு சரி வரும் என்று முடிவெடுத்தேன்.

மார்ச் 30, வெள்ளி, பகல் பன்னிரண்டு இருபதுக்குச் சேவை திரும்பி வந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அந்தக் கம்பனிப் பிள்ளை.

"அங்கிள், இருக்கீங்களா? ரெண்டு கிழமையா பயந்திட்டன்."

"இருக்கிறன்."

"ஆனா விலை மட்டும் வந்துக்கிட்டு இருந்திச்சு. எப்படி அனுப்பினீங்க?" நான் பதில் சொல்லும் முன்பு அவளே தொடர்ந்தாள். "ஒண்டு கேக்கணும். உங்க பக்கத்துக்கு முதல் தடவையா இல்லைன்னு ஒராள் அமத்தி இருக்கு. நல்ல கோபம் போல. மூணு தரம் அமத்தி இருக்கு. இந்தியாவில இருந்து. பாரை விலையைப் பிழையாப் போட்டீங்களா?"

மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எத்தினை தரம் எண்டனீங்கள்?"

"மூணு. எனக்கு இஞ்ச தெரியும், ஒவ்வொண்டும் பதிஞ்சிருக்கும்."

"அங்கை ஒண்டெண்டுதான் காட்டுது."

"ஒண்டுதான் காட்டும் அங்கிள். ஒரு போனை ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் எண்ணும். நீங்கதானே சொல்லிச் சொல்லி மாத்த வச்சீங்க. நான் எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுட்டன்."

"அமத்தினவருக்கு?"

"அவங்களுக்கு ஒவ்வொரு தரமும் நன்றின்னு காட்டும். எண்ணாது, ஆனா நன்றி சொல்லும்."

"நேரம் சொல்லுங்கோ. மூண்டுக்கும்."

"என்னத்துக்கு அங்கிள்?"

"சொல்லுங்கோ பிள்ளை."

அவள் வாசித்தாள். மார்ச் 22, வியாழன் மாலை. ஐந்து ஐம்பத்தொன்றும் பத்து விநாடியும். ஐந்து ஐம்பத்தொன்றும் இருபத்திரண்டு விநாடியும். ஐந்து ஐம்பத்தொன்றும் நாற்பது விநாடியும். கலண்டரின் ஓரத்தில் எழுதினேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பன்னிரண்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பதினெட்டு.

"பாரை விலை சரிதான்," என்றேன். "மாத்தத் தேவையில்லை."

வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக இரண்டு பேரைச் செத்தவர்களாக வைத்துக்கொண்டு நடந்தவனுக்கு அவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஏதாவது வர வேண்டும். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. எனக்கு எப்போதும் எழுபத்திரண்டு. குசினிக்குப் போனேன்.

"மூண்டாம்," என்றேன்.

மனைவி துருவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள். "அதுதான் போன வெள்ளியே சொன்னனீங்களே."

"ஓம். சொன்னனான்."

"பிறகென்ன?"

"ஒண்டுமில்லை." நான் அலுமாரியைத் திறந்து அந்தச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

மகனோடு முதல் தரம் குரலில் கதைக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. போர் முடிந்திருந்தது. தீடையில் ஒரு பகலும் அடுத்த நாள் காலையும் நின்றதையும், அக்கரைப் பொலிசில் விசாரணைக்கென்று மூன்று நாள் வைத்திருந்ததையும் சொன்னான். அதனால்தான் வியாழன். ஏன் மூன்றாவதற்குப் பதினெட்டு விநாடி எடுத்தது என்று கேட்டேன்.

"உங்களுக்கு எப்பிடியப்பா அது தெரியும்?"

"தெரியும். சொல்லு."

"அதைப் பிள்ளையைக் கொண்டு அமத்துவிச்சனான். எங்கை அமத்திறதெண்டு அவளுக்குத் தெரியேல்லை. நாங்கள் மூண்டு அமத்தினது உங்களுக்குச் சரியா வந்ததுதானே?"

"வந்தது," என்றேன்.

அந்தப் பக்கம் 2007 ஜூன் மாதக் கடைசியில் நிறுத்தப்பட்டது. ராசி பலனும் பாட்டுத் துண்டும்தான் ஓடுகின்றன, விலைப் பக்கங்கள் எல்லாவற்றையும் மூடுகிறோம் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். பத்து வருடத்தில் எல்லாரும் இதைத்தான் பார்ப்பார்கள், நாங்கள் கொஞ்சம் முந்திவிட்டோம் என்றும் சொன்னாள். குரலில் சோர்வு இருந்தது. தொலைபேசியைத் தபாலில் திருப்பி அனுப்பினேன். அதற்கு முன்பு ஒரு தரம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆம்: ஆறு. இல்லை: ஒன்று.

மார்ச் மாதத்துக் கட்டணச் சீட்டின் பிரதியை அவள் ஏப்ரல் கடைசியிலேயே அனுப்பியிருந்தாள். முதலாளி பார்த்துவிட்டார், மன்னிக்க வேண்டும் அங்கிள், இதைக் கழிக்கச் சொல்கிறார் என்று ஒரு துண்டும் அதோடு இருந்தது. ஒரே பக்கத்தை ஏன் இத்தனை தரம் திறந்தீர்கள் என்றும் கேட்டிருந்தாள். விலை சரியா என்று பார்த்தேன் என்று பதில் எழுதினேன். ஐந்து நாளில் இருநூற்றுப் பதினேழு தரம். என் எண்ணிக்கையும் சீட்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போயின. பக்கம் பதினொரு கிலோபைட். ஆனால் பிறநாட்டுக் கோபுரத்தில் பத்துப் பத்தாகத்தான் எண்ணுவார்கள், பதினொன்றைத் தொட்டால் இருபதுக்குக் காசு. ஆட்டக்காரி இல்லாவிட்டால் மூன்று, அதாவது பத்துக்குள் அடங்கியிருக்கும். கிலோபைட்டுக்கு இரண்டு ரூபா நாற்பது சதப்படி பத்தாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபா. அதன் மேல் நூற்றுக்குப் பதினைந்து வரி. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதச் சம்பளத்தைக் கழித்தார்கள், மிச்சத்தை ஜூன் சம்பளத்தில் பிடித்தார்கள். கூட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. ரூபா 11,978.40.